ஏடிஆர் 72: ஆறு வருடம் ஓட்டியவள் எழுதும் ரிவியூ

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, நீ ஓட்டுனது காத்தாடி வெச்ச பிளேனாமே? ஏறி உக்காந்தா வயித்துல இருக்கறது வாய்க்கு வந்துருமாமே?" பக்கத்து இலைக்காரர் ரசத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் சித்தப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ரிவியூ போடுகிறோம். விமானத்துக்கு எழுதுகிறவர்கள் சாண்ட்விச் காய்ந்து போயிருந்ததையும் லக்கேஜ் லேட்டாக வந்ததையும்தான் எழுதுகிறார்கள். வண்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் சென்னையை மையமாக வைத்து ஆறு வருடம் ஏடிஆர் 72-600 ஓட்டினேன், ஏறக்குறைய 4,000 மணி நேரம், மதுரை, சேலம், தூத்துக்குடி, திருச்சி, ராஜமுந்திரி, இடையிடையே யாழ்ப்பாணம். இப்போது ஜெட்டுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த வண்டியை விற்கவோ திட்டவோ எனக்கு ஒரு காரணமும் இல்லை. எந்த நிறுவனத்தில் இருந்தேன் என்று கேட்காதீர்கள், அது இந்த ரிவியூவில் வராது.

முதலில் அடிப்படை விவரம். பிரான்சில் துலூஸ் நகரத்தில் செய்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் கூட்டாக. ஏடிஆர் 72-இன் முதல் மாதிரி 1988-இல் பறந்தது. 600 என்பது பிறகு வந்த, திரைகள் வைத்த காக்பிட். 70 முதல் 78 பேர் வரை உட்காரலாம், முழு எடை 23 டன், அதிகபட்ச உயரம் 25,000 அடி, வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது, ஆளுக்கு ஆறு இலை வைத்த இரண்டு ப்ரொப்பெல்லர், ஒவ்வொன்றின் விட்டமும் 3.93 மீட்டர். பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக, முன்பக்கம் சரக்கு. டவுன் பஸ்ஸில் பின்வாசலில் ஏறிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் வராது.

ஒரு தப்பான எண்ணத்தை இங்கேயே எடுத்துவிடுகிறேன். ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது என்றால் ஏதோ பழைய காலத்து டீசல் இன்ஜின் மாதிரி என்று நினைக்கிறார்கள். என் அப்பாவே மீனம்பாக்கத்தில் ஆவ்ரோ என்ற அந்தக் காலத்து ப்ரொப்பெல்லர் விமானத்தைப் பார்த்த தலைமுறை, அவர் மனதில் எல்லா காத்தாடியும் ஆவ்ரோதான். உள்ளே இருப்பது ஜெட் இன்ஜினின் சொந்தக்காரன், அதே டர்பைன். ஜெட்டில் அது காற்றைப் பின்னால் தள்ளி வேலை செய்கிறது, இங்கே கியர்பாக்ஸ் வழியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மணிக்கு ஏறக்குறைய 700 கிலோ எரிபொருள் போதும். சேலத்துக்கு விமானம் விடுவதற்குக் கணக்கு ஒத்துவருவதே அதனால்தான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சித்தப்பாவின் கேள்வி அதுதானே.

ஆடும். ஆடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இறக்கை தாங்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 61 சதுர மீட்டர் இறக்கையில் 23 டன், அதாவது சதுர மீட்டருக்கு 377 கிலோ. நீங்கள் பெங்களூருக்குப் போகும் ஏ320 வகை ஜெட்டில் அது 640-ஐ ஒட்டி வரும். சுமை குறைந்த இறக்கையைக் காற்று சுலபமாகத் தூக்கும், காலி லாரி குண்டு குழியில் துள்ளுகிற மாதிரி. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இந்த வண்டி குடியிருக்கும் இடம். ஜெட் 35,000 அடிக்கு ஏறிப் போய்விடுகிறது, பெரும்பாலான மேகம் அதற்குக் கீழே கிடக்கிறது. நாங்கள் 16,000, 18,000 அடியில், மேகங்கள் எல்லாம் குடும்பம் நடத்தும் தெருவிலேயே போகிறோம். மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் அதில் பாதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுகிறது. வெயில் ஏறிய பிற்பகலில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று குமிழ் குமிழாக மேலே வரும், ஒவ்வொரு குமிழும் ஒரு ஸ்பீட் பிரேக்கர். வண்டிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, உங்கள் காபிக்குத்தான்.

ரொம்ப ஆடினால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று, வேகத்தை 180 நாட், அதாவது மணிக்கு 333 கிலோமீட்டர் அளவுக்குக் குறைப்பது. மேட்டுப்பாளையம் ரோட்டில் குழி வந்தால் டிரைவர் என்ன செய்வாரோ அதேதான். அப்போது இன்ஜின் சத்தம் திடீரென்று இறங்கும், பின்னால் இருக்கிறவர்கள் "நின்னு போச்சு" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். நிற்கவில்லை, நானே குறைத்தேன்.

விமானி பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வண்டியின் குணமே கண்ட்ரோல்தான். இப்போதைய பல ஜெட்டுகளில் ஸ்டிக்கை அசைத்தால் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு ஹைட்ராலிக்கை இயக்கும். இதில் வண்டியைச் சாய்க்கும் அய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடம் வலம் திருப்பும் ரட்டர் மூன்றும் கேபிளும் கம்பியுமாக உங்கள் கைக்கும் காலுக்கும் நேரடியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இறக்கை நுனியில் காற்று மோதினால் உங்கள் மணிக்கட்டில் தெரியும். ஆடி மாதம் நாலு முறை ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை, பெரிய உழக்கில் முறுக்கு பிழிந்த மாதிரி வலிக்கும். சிமுலேட்டரில் ஒரு இன்ஜினை அணைத்துவிட்டு டேக்-ஆஃப் செய்யச் சொல்வார்கள், ரட்டர் பெடலை மிதித்துப் பிடித்த கால் நடுங்கிக்கொண்டே இருக்கும், பொம்பளைப் பிள்ளையால் முடியுமா என்று பார்க்க வந்த மாதிரி ஒரு பயிற்சியாளர் பின்னால் நின்றார், முடிந்தது, அந்தக் கதை இங்கே வேண்டாம். சொல்ல வந்தது வேறு. இந்த வண்டி எதையும் உங்களிடமிருந்து மறைக்காது. வானம் என்ன நினைக்கிறது என்பது அப்படியே கைக்கு வரும். முதல் வருடம் இது கொடுமை. மூன்றாவது வருடத்தில் இது இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள் என்று தோன்றும். ஜெட்டுக்கு மாறிய முதல் மாதம் எனக்குக் கையில் உணர்ச்சியே இல்லாத மாதிரி இருந்தது.

சென்னை மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ரிவியூ முழுசாகாது. "வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று டிவியில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், எனக்கு அந்த ஒரு வரி ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால ஆபீஸ். மத்தியானம் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் முளைக்கும், காஞ்சிபுரம் வரும்போது தலை பெருத்துவிடும், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஆறு, ஏழு மணிக்குச் சரியாக நாம் இறங்கும் நேரத்துக்கு மீனம்பாக்கத்துக்கு மேற்கே வந்து நிற்கும். அதன் உச்சி 50,000 அடி. 25,000 அடிக்கு மேல் ஏற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது, சுற்றித்தான் போகவேண்டும். ஜெட்டும் சுற்றித்தான் போகும், அது வேறு விஷயம்.

ஒரு நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதுரையிலிருந்து கடைசி ட்ரிப், ஜூலை மாதம். பக்கத்தில் சேலத்துப் பையன், ஃபர்ஸ்ட் ஆஃபீசராக, அதாவது துணை விமானியாக வந்து மூன்று மாதம்தான். திண்டிவனம் தாண்டும்போதே ரேடாரில் சென்னைக்கு மேற்கே சிவப்பாக ஒரு திட்டு, அதற்குப் பின்னால் சுத்தமான கறுப்பு. "அங்க காலியா இருக்கு மேம், அந்தப் பக்கமா சுத்தி வந்துடலாமா?" என்றான். அது காலி கிடையாது. கனமழை ரேடார் அலையைக் குடித்துவிடும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நமக்குக் காட்டுவதற்கு அலை திரும்பி வராது, அதனால்தான் கறுப்பு. சிவப்பைவிட அந்தக் கறுப்புக்குத்தான் பயப்படவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ரிட்டயர் ஆகி மாம்பலத்தில் இருக்கிறார்.

அதற்குள் இன்னொரு கூத்து. சாயங்காலம் முழுக்கக் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, 07 ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்று விமான நிலையத்தை அடைந்ததும் காற்று அப்படியே திரும்பிவிட்டது, ஓடுபாதையும் 25-க்கு, அதாவது அதே பாதையின் மறுமுனைக்குத் திரும்பியது, வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு விமானங்களும் தியேட்டர் வாசலில் டிக்கெட் கவுன்ட்டரை மாற்றியது போல அடித்துப் புரண்டு மறுபக்கம். எங்களை மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக வட்டம் போடச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம். விண்ட்ஷீல்டில் நீலமாக மெல்லிய மின்கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன, மேகத்தில் மின்னேற்றம் அதிகமாக இருந்தால் அப்படி வரும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. சேலத்துப் பையன் அதை முதல் முறை பார்க்கிறான், ஒன்றும் சொல்லவில்லை, சீட்டை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

வட்டம் போட்டுக்கொண்டே இரண்டு விஷயம் முடிவு செய்துகொண்டோம். எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்போது திருச்சிக்குக் கிளம்புவது, இறங்க முடியாமல் மேலே ஏறினால் எந்தப் பக்கம் திரும்புவது. 25-இல் இறங்கப்போய் நேரே மேலே ஏறினால் மேகத்தின் வாய்க்குள்தான் போய் நிற்போம், அதனால் இடது பக்கம் தெற்கே திரும்பிக்கொள்கிறோம் என்று ஏடிசியிடம், அதாவது வான்வழிக் கட்டுப்பாட்டு அறையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தாயிற்று. அப்புறம் எங்கள் முறை வந்தது. அடையாறு, கிண்டி, கத்திப்பாரா விளக்குகள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரித் தெளிவாகத் தெரிகின்றன, ஓடுபாதை தெரிகிறது, அதற்கு அப்பால் பல்லாவரம் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, சாக்கு கட்டித் தொங்கவிட்ட மாதிரி மழை. 700 அடியில் வேகம் ஒரே மூச்சில் 15 நாட் ஏறியது, அடுத்த மூச்சில் அதைவிட அதிகமாக இறங்கியது. கை அதைக் கண்ணுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டுத் திரும்ப மேலே ஏறுவது. பவர் முழுசாக, மூக்கு மேலே, சக்கரம் உள்ளே, இடது பக்கம்.

திருச்சியில் இறங்கினோம். ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு நள்ளிரவுக்குச் சற்று முன்னால் சென்னை வந்து சேர்ந்தோம், வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, நட்சத்திரம்கூடத் தெரிந்தது. இறங்கும்போது ஒரு பெரியவர் கதவருகில் நின்று, "மதுரையிலருந்து பாண்டியன்ல ஏறியிருந்தா தூங்கிட்டே வந்து எழும்பூர்ல எறங்கியிருப்பேன்" என்றார். உண்மைதான், அவர் சொன்னதில் தப்பே இல்லை. மறுநாள் ஒருவர் எங்கள் பயணத்துக்கு ஒரு ஸ்டார் போட்டிருந்தார்: "விமானிக்கு இறக்கத் தெரியவில்லை, பக்கத்தில் மற்ற விமானங்கள் எல்லாம் இறங்கின." எங்களுக்கு முன்னால் ஒன்று இறங்கியது, பின்னால் வந்த மூன்றும் எங்களைப் போலவே கிளம்பிப் போயின. அந்த ஒரு ஸ்டாரை இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறேன்.

இதில் ஏடிஆருக்கு மார்க் எங்கே என்றால், அந்த 700 அடியில். இலைகள் ஏற்கெனவே வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பவர் கொடுத்த நொடியில் இறக்கையின் மேல் காற்று பாய்கிறது, வண்டி உடனே பிடித்துக்கொள்கிறது. ஜெட் இன்ஜின் வேகமெடுக்கச் சில வினாடி எடுக்கும். அந்தச் சில வினாடி எவ்வளவு பெரியது என்பது அந்த இடத்தில் இருந்தால்தான் புரியும்.

அடுத்தது பனிக்கட்டி. சென்னையில் எங்கே பனி என்று சிரிக்காதீர்கள். கீழே அக்னி நட்சத்திரம் 41 டிகிரி அடித்தாலும் மேலே ஏறக்குறைய 16,000 அடியில் பூஜ்யம் வந்துவிடும், நம் ஊரில் வருடம் முழுக்க ஏறக்குறைய அதே உயரம்தான். நாங்கள் போவதும் அதே உயரம். மேகத்துக்குள் இருக்கும் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் திரவமாகவே மிதக்கும், இறக்கை மோதியவுடன் அங்கேயே உறையும். கேப்டன் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ராத்திரியில் அதற்கு ஒரு விளக்கு. அதில் வெள்ளை படிந்தால் வேலை ஆரம்பம். இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை இருக்கிறது, காற்றை அடித்து அதை உப்ப வைத்துக் கட்டியை உடைக்கிறோம், ப்ரொப்பெல்லரில் மின்சாரத்தால் சூடு. உடைந்த கட்டி உடம்பில் வந்து பட்பட்டென்று அடிக்கும், முன்வரிசையில் இருப்பவர்கள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைப்பார்கள்.

இதில் நான் பூசி மெழுக விரும்பவில்லை. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்ற இடத்தில் ஒரு ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். உறைதூறலில் நீண்ட நேரம் வட்டம் போட்டதில் ரப்பர் உறைக்குப் பின்னால், உடைக்க முடியாத இடத்தில் கட்டி வரப்பாகப் படிந்து, அய்லரான் கையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த உறையை அகலப்படுத்தினார்கள், எங்களுக்கும் ஒரு பாடம் சேர்ந்தது: பக்கவாட்டு ஜன்னலில் பனி படர ஆரம்பித்தால் யோசிக்காதே, வேகத்தைக் கூட்டு, அந்த இடத்தை விட்டு வெளியே வா. 2024 ஆகஸ்டில் பிரேசிலில் 62 பேர் போனதும், கடுமையான பனிப்படிவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட வானத்தில்தான். நம் ஊரில் ஒரு அதிர்ஷ்டம், 12,000 அடிக்கு இறங்கினால் போதும், எட்டுப் பத்து டிகிரி சூடு, கட்டி எல்லாம் ஐந்து நிமிடத்தில் வழிந்தோடிவிடும். நாம் தினமும் திட்டுகிற வெயில் அங்கே வந்து காப்பாற்றுகிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்குக் கீழே இறங்கினாலும் அதே குளிர்தான்.

நேபாளத்தில் பொக்காராவில் விழுந்த ஏடிஆரைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 ஜனவரி 15, இறந்தவர்கள் 72 பேர். அதற்கும் வானிலைக்கும் சம்பந்தமில்லை. இறக்கையின் பின்விளிம்பை நீட்டும் ஃபிளாப் லீவரை இழுக்க வேண்டிய நேரத்தில், பக்கத்திலிருக்கும், ப்ரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை இழுத்துவிட்டார்கள், இரண்டு ப்ரொப்பெல்லரும் காற்றை வெட்டாமல் நின்றுகொண்டன. அந்த விபத்து அறிக்கையைப் படித்த பிறகு நான் ஒவ்வொரு லீவரையும் தொட்டு, வாய்விட்டுப் பெயர் சொல்லிவிட்டுத்தான் இழுத்தேன். இன்றைக்கும் ஜெட்டில் அதே பழக்கம், பக்கத்தில் இருக்கிற பையன்கள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.

காற்று என்றால் தூத்துக்குடி. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று வாகைக்குளம் பொட்டலில் வந்து விளையாடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள், 23 டன் எம்மாத்திரம். பெரும்பாலும் ஓடுபாதைக்கு நேரெதிராகத்தான் வரும், ஆனால் சீராக வராது, தள்ளும், விடும், தள்ளும். பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். சென்னையின் 3,658 மீட்டரில் கிளம்பி அதில் போய் இறங்குவது ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து நேராக மயிலாப்பூர் மாடவீதிக்குள் வண்டியைத் திருப்புவது போல. இந்த வண்டி அதற்கென்றே செய்தது. தரையைத் தொட்டதும் இலைகளைத் தட்டையாகத் திருப்பினால் 4 மீட்டர் அகலத் தட்டு இரண்டு காற்றுக்குக் குறுக்கே நின்ற மாதிரி ஆகிவிடும், பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே வேகம் பாதி போயிருக்கும். அந்த "ஊர்ர்ர்" சத்தம் அதுதான். வெயில் நாளில் திரும்பிக் கிளம்பும்போதுதான் சிக்கல், சூடான காற்றில் தூக்கும் சக்தி குறைவு, எடை கணக்குப் போட்டால் சில நாள் நாலு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டியிருந்தது, மக்ரூன் டப்பாவோடு சேர்த்து. இப்போது அங்கே 3,115 மீட்டர் போட்டு 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்துவிட்டார்கள். ஒருமுறை ஆடியில் இறக்கிவிட்டு நின்றபோது ஒரு அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார், "வல்லநாட்டுக்கு மினி பஸ்ல போன மாதிரில்லா இருந்துச்சு!" அவர் மூன்று நாள் கழித்துத் திரும்பவும் என் விமானத்திலேயே வந்தார்.

குறுக்குக் காற்றில் இந்த வண்டியை நிரூபித்துக் காட்டியிருப்பது 35 நாட் வரை, அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். ஆனால் சக்கரங்கள் உடம்போடு ஒட்டியவை, இரண்டுக்கும் இடையே 4.1 மீட்டர்தான், தரையில் கொஞ்சம் ஒல்லிக்கால் ஆசாமி. இறங்கிய பிறகும் கையை எடுக்க முடியாது, ஓடுபாதையை விட்டு வெளியே வரும்வரை இறக்கையைக் காற்றுப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மெத்தென்று இறக்குவதும் கடினம். 4,000 மணி நேரத்தில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் லேண்டிங் முப்பது இருக்கலாம். மற்றதெல்லாம் பத்திரமான லேண்டிங்.

புயலில் இதை ஓட்டினாயா என்று கேட்கிறார்கள். இல்லை. 2016 வர்தா, 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல் மூன்றுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். வண்டியை வேறு ஊருக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புவோம், இல்லையென்றால் எரிபொருளை நிரப்பிக் கனமாக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ப்ரொப்பெல்லரைப் பட்டை போட்டுக் கட்டிவைப்பார்கள், இல்லாவிட்டால் காற்றில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மழையில் நனைந்துகொண்டு கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். புயலைவிட எனக்கு எரிச்சல் தந்தது போகி. டயர் கொளுத்துகிறவர்களுக்குத் தெரியாது, காலை ஆறு மணிக்குப் பனியும் புகையும் சேர்ந்து பரங்கிமலையே கண்ணுக்குத் தெரியாது, பொங்கலுக்கு ஊருக்குப் போகிற எழுபது பேரை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு ஓடுபாதை எப்போது தெரியும் என்று காத்திருப்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தரையில் நிற்கும்போது உள்ளே புழுங்கும். பெரிய விமானங்களில் வாலில் ஏசிக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சின்ன இன்ஜின் இருக்கும், இதில் எடை குறைய அதை வைக்கவில்லை, வலது இன்ஜினின் ப்ரொப்பெல்லரை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டு அதிலிருந்து காற்று எடுக்கிறார்கள். புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் மே மாதம் மீனம்பாக்கத்தில் மதியம் இரண்டு மணிக்கு அது போதாது, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெட்டி வைக்கும் இடம் சிறிது, தடிமனான ட்ராலி நுழையாது, கதவருகில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், சண்டை போடாதீர்கள். முன்வரிசைகளில் ப்ரொப்பெல்லர் சத்தம் காதுக்குள் குடியேறும். டாய்லெட் கடைசியில் ஒன்றுதான், எனக்கும் அதுதான், நான் எழுந்து நடந்து போனால் "அப்ப யாரு ஓட்டுறா?" என்று ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை.

அதனால், சித்தப்பா, டிக்கெட் போட்டால் காலை விமானமாகப் போடுங்கள், தரை சூடேறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். சீட் எட்டிலிருந்து பத்துக்குள் கேளுங்கள், இறக்கைக்கு அடியில் ஆட்டம் குறைவு. வால் பக்கம் சத்தம் குறைவு ஆனால் அசையும், எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஜன்னல் ஓரம் கட்டாயம், இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது, கொள்ளிடமும் காவேரியும் பிரிகிற இடம் மதுரை போகும் வழியில் சில நாள் வலது பக்கம் அப்படியே வரைந்து வைத்த மாதிரித் தெரியும். வயிற்றில் இட்லி இரண்டு போதும், பொங்கல் வேண்டாம். மழைக்காலச் சாயங்காலம் என்றால் பாண்டியனிலேயே வாருங்கள், நான் எழும்பூருக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மார்க் கேட்டீர்கள் என்றால் ஐந்துக்கு நாலு. ஒன்று அந்த மே மாதப் புழுக்கத்துக்குப் போய்விட்டது.